அடுத்த பாட்டு எது?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியத் தொடர் ஒன்றுக்கு ஏற்றதுதானா எனச் சிலர் ஐயுறக்கூடும். வகுப்பறையில் மாணவர்களைக் கொண்டு பாட்டு நிரல் அமைப்பித்தல் என்பதே அப்பொருள். ஒரு தொனிப்பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு இசைந்த பாடல்களைத் தேடி, அவற்றுள் வேண்டியவற்றைத் தெரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபடுத்தி, அந்த ஒழுங்குக்குக் காரணமும் சொல்லுதல். இளைஞர்கள் இதனைப் ‘பிளேலிஸ்ட்’ என்பார்கள். என் வகுப்பில் நாங்கள் ‘பாட்டு நிரல்’ என்று வழங்குகிறோம். நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன், இசையாசிரியன் அல்லன். ஆகவே சுருதியையும் தாளத்தையும் பற்றி நான் பேசப் போவதில்லை. பாட்டு நிரல் அமைத்தல் ஓர் இலக்கியப் பயிற்சி. அதுவும் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே செய்து கைவந்த பயிற்சி என்பதே நான் சொல்ல விழைவது.

முதலில் அண்மைக் காலத்துக்குச் செல்வோம். கசெற்றுக்களின் காலம் நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் எங்கள் அண்ணன்மார் றெக்கோடிங் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். அதில் பாடல்களின் முதலடிகள் இலக்கமிட்டு எழுதப்பட்டிருக்கும். அறுபது நிமிடக் கசெற் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. எட்டாவது பாட்டு வேண்டுமென்றால் ஏழில் ஒன்றை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்ற வாக்குவாதம் படலையடியில் இரவுவரை நடக்கும். அந்த வாக்குவாதத்தில் நான் கேட்ட இலக்கிய விமரிசனம், பின்னர் சில கருத்தரங்குகளில் கேட்டதிலும் குறைந்தது அன்று.

பின்னர், 1990ஆம் ஆண்டையடுத்துச் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மின்கலங்களும் எளிதிற் கிடைக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்டோம். சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் பாடுகிறவரின் குரலும் தளரும். ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் கை வலிக்க வேண்டும் என்ற நிலையில், அந்தப் பாட்டு எதுவாக இருக்க வேண்டும் என்று எவரும் யோசிப்பர். தெரிவு என்பதன் பெறுமதியை எங்கள் தலைமுறை அப்படித்தான் அறிந்துகொண்டது. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; வரவே கூடாது. ஆனால் அவை கற்றுத் தந்த அந்த ஒன்றை வேறு வழியிற் கற்பிக்க முடியுமா என்பதே கேள்வி.

இனி, மிகப் பின்னோக்கிச் செல்வோம். எட்டுத்தொகை என்று நாம் சொல்லும் நூல்கள் தொகைகள். பாடியவர் பலர், தொகுத்தவர் வேறு ஒருவர். தொகுத்தவர் ஒரு பாட்டும் பாடாதவராக இருக்கலாம். எனினும் அவர் செய்ததும் ஒரு படைப்பே. அகநானூற்றைப் பாருங்கள். மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் அதனைத் தொகுத்தார் என்பர். அதில் 400 பாடல்கள். 1, 3, 5, 7 என ஒற்றைப்பட்ட எண் பெற்றவை எல்லாம் பாலை. 2, 8 என்ற எண்ணில் வருவன குறிஞ்சி. 4 என்பது முல்லை, 6 மருதம், 10 நெய்தல். 400 பாடல்களும் இந்த ஒழுங்கிலேயே செல்கின்றன. அதாவது ஒவ்வொரு கூடலுக்கும் ஊடலுக்கும் இரங்கலுக்கும் இடையே ஒரு பிரிவு வந்துகொண்டேயிருக்கும். நூலை வரிசையாக வாசிப்பவன் ஒன்றுவிட்ட ஒரு பாட்டில் பாலை வழியில் நடந்தாக வேண்டும். தனிப்பாடல்கள் எவையும் சொல்லாத ஒன்றை, அவற்றின் வைப்புமுறை சொல்லிவிடுகிறது.

அகநானூற்றின் மூன்று பகுதிகளுக்கும் வைத்த பெயர்களும் நோக்கத்தக்கவை: களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை. நிரை, மிடைதல், கோவை ஆகிய மூன்று சொற்களும் வரிசைப்படுத்தலையும் இணைத்தலையும் குறிப்பன. ‘பாட்டு நிரல்’ என்ற பெயரை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது விளங்கும்.

ஐங்குறுநூறு இன்னும் அணுக்கமானது. 500 குறும்பாடல்கள், பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர். கள்வன் பத்து என்றால் நண்டு வரும் பாடல்கள். கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து, சிறுவெண் காக்கைப் பத்து என்றெல்லாம் உண்டு. ஒரு சிறு பொருளைக் கையில் எடுத்துப் பத்துத் தடவை பத்து விதமாகத் திருப்பிப் பார்ப்பது. ‘காதற் பாட்டுக்கள்’ என்று ஐந்நூறு பாட்டைக் கைத்தொலைபேசியிற் சேர்த்து வைத்திருக்கும் மாணவனிடம், ‘காக்கை வரும் பாட்டுப் பத்துச் சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் அப்போதுதான் தேடத் தொடங்குவான்.

பரிபாடலில் இன்னொரு வழக்கத்தைக் காணலாம். பாட்டின் அடியில் பாடிய புலவர் பெயரோடு, அதற்கு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த மரியாதையை இன்று நாம் மறந்துவிட்டோம். ஒரு பாட்டை யாருடையது என்று கேட்டால் நடிகர் பெயரைச் சொல்கிறார்கள்.

நேயர்களே, இத்தனை பழைமை உடைய செயலை இன்று வகுப்பறையில் வலிந்து கற்பிக்க வேண்டியது ஏன்? காரணம் எளிது. யூரியூப்பில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுத் தானாகத் தொடங்குகிறது. நாம் முன்னர் கேட்டவை, நம்மைப் போன்றோர் கேட்டவை ஆகியவற்றைக் கணித்து இயந்திரம் அதனைத் தெரிவுசெய்கிறது. அது கெட்ட பாட்டைத் தருகிறது என்று நான் குறை சொல்ல மாட்டேன். பல வேளைகளில் நல்ல பாட்டையே தருகிறது. ஆனால், ‘இந்தப் பாட்டுக்குப் பின் ஏன் இந்தப் பாட்டு?’ என்று கேட்டால் அது விடை தராது. கேட்டுக்கொண்டிருப்பவனும் விடை அறியான். காரணம் கேட்கும் பழக்கமே நாளடைவில் அற்றுப் போகிறது. கட்டுரை எழுதச் சொன்னால் பந்திகளை இடம் மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாதபடி எழுதும் மாணவர்களை நான் காண்கிறேன். ஒரு பந்திக்குப் பின் ஏன் அடுத்த பந்தி என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை.

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அதனைக் கேட்டவர். ஒவ்வோர் அதிகாரத் தொடக்கத்திலும், முன்னைய அதிகாரத்துக்குப் பின் இது வைக்கப்பட்டது ஏன் என்பதைச் சொல்லிச் செல்வார். அதனை அதிகார முறைமை என்பர். என் வகுப்பில் பாட்டு நிரலுக்கு நான் விதித்த முதல் விதி அதுதான்: ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வாக்கியத்தில் முறைமை எழுத வேண்டும்.

ஏனைய விதிகளையும் சொல்லிவிடுகிறேன்; ஆசிரியர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் பயன்படும். தரம் 10 மாணவர்களை ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒரு நிரலில் ஏழு பாட்டு. மொத்தம் முப்பது நிமிடத்துக்குள். பழைய கசெற்றின் ஒரு பக்க அளவு அது. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய மூவரின் பெயரும் வேண்டும். ஒன்றாவது பெற்றோர் பிறப்பதற்கு முந்தியதாக இருத்தல் வேண்டும். ஒன்றாவது சினிமாவுக்கு வெளியிலிருந்து, நமது நாட்டுக்குரியதாக வர வேண்டும். ஈழத்து மெல்லிசையோ, கூத்துப் பாட்டோ, நாட்டார் பாடலோ எதுவாயினும் சரி. இறுதியாக, சேர்க்க விரும்பியும் விட்டுவிட்ட பாட்டு ஒன்றையும், விட்ட காரணத்தையும் எழுத வேண்டும். எல்லாம் காகிதத்திலேயே. கைத்தொலைபேசி பாடசாலைக்குள் வர வேண்டியதில்லை. வீட்டில் விலையுயர்ந்த தொலைபேசி உள்ளவனும் இல்லாதவனும் காகிதத்தின் முன் ஒன்றே. நான்கு பாடவேளைகள் போதும். கடைசிப் பாடவேளையில் மட்டும் ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டு சென்று, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு நிமிடம் ஒலிக்கச் செய்வேன்.

முதல் நாள் மாணவர்கள் கொண்டுவரும் தொனிப்பொருள்கள் பரந்தவையாக இருக்கும்: அன்பு, இயற்கை, தாய். ‘மழை’ என்று ஒரு குழு கொண்டுவந்தது. ஏழு பாட்டும் சினிமாப் பாட்டு. ஏழிலும் இருவர் நனைந்தார்கள். வன்னியில் வயல் வைத்திருக்கும் ஒருவரின் மகன், ‘எங்கடை வீட்டிலை மழை எண்டால் இது இல்லை, சேர்’ என்றான். பிறகு அந்தக் குழு ‘பிந்தி வந்த மழை’ என்று பெயரைச் சுருக்கியது. பெயரைச் சுருக்கியவுடன் ஐந்து பாட்டுக்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. முதற்பொருள் ஒன்றாயினும் உரிப்பொருள் வேறாகும் என்று நான் முன்னர் கரும்பலகையில் எழுதியபோது விளங்காதது, அந்த ஐந்து பாட்டு உதிர்ந்தபோது அவர்களுக்கு விளங்கியது.

இன்னொரு குழு ‘காத்திருத்தல்’ என்பதை எடுத்தது. தமிழாசிரியன் என்ற வகையில் எனக்கு மகிழ்ச்சி. முல்லைத் திணையின் இருத்தலைப் படிப்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? தலைவன் கார்காலத்தில் வருவதாகச் சொல்லிச் செல்வான், தலைவி ஆற்றியிருப்பாள். குழுவினரும் அதே போக்கில் ஐந்து பாட்டுச் சேர்த்துவிட்டார்கள். ஆறாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை அதிகம் பேசாத ஒரு மாணவன், ‘என்ரை அப்பம்மாவும் காத்துக்கொண்டுதான் இருக்கிறா. அது இந்த மாதிரி இல்லை’ என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் மேலே ஒன்றும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. கேட்க வேண்டிய தேவை எங்கள் மண்ணில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்தது அந்த வகுப்பில் எல்லோரும் அறிந்ததே.

அடுத்த நாள் அந்தக் குழு ஒரு நிரலுக்குப் பதிலாக இரண்டு நிரல்களைக் கொண்டுவந்தது. ஒன்றன் பெயர் ‘வருவார் எனக் காத்திருத்தல்’. மற்றதன் பெயர் ‘வருவாரா எனக் காத்திருத்தல்’. இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆகாரம் இறுதியில் வந்து வினாப்பொருள் தரும் என்று ஆண்டுதோறும் இலக்கணம் படிப்பிக்கிறேன். அந்த ஓர் எழுத்தில் ஒரு மூதாட்டியின் பல்லாண்டுக் காலம் அடங்கும் என்று இலக்கண நூலில் எழுதியிருக்கவில்லை. முதல் நிரலில் ஏழு பாட்டு இருந்தது. இரண்டாவதில் மூன்றுதான். ‘ஏழு வேண்டும் என்று சேர் சொன்னவர், ஆனால் எங்களுக்குப் பொருத்தமாக வேறு கிடைக்கவில்லை’ என்று அடியில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவர்களுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன். நம்மிடம் பாட்டு இல்லாத துயரங்களும் உண்டு என்பதை, தேடிப் பார்த்தவன் மட்டுமே அறிவான். அங்கேதான் புதிய பாட்டுக்குத் தேவையும் பிறக்கிறது.

வைப்புமுறை பற்றியும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டும். ‘கடல்’ என்று ஒரு நிரல். ஆறு பாட்டுக்கள் எழுதப்பட்டு, ஏழாவது இலக்கத்துக்கு எதிரே ‘அம்மப்பா படிக்கிற அம்பாப் பாட்டு. ஒலிப்பதிவு இல்லை’ என்றிருந்தது. கரைவலை இழுக்கும்போது பாடப்படுவது அம்பாப் பாடல். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் அடியும் காலடியும் ஒன்று. இப்போது சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் வலையை இழுக்கிறது. இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. ஆதலால் பாடியவர்கள் இருக்கிறார்கள். பாடும் தருணம் அருகிவிட்டது.

ஒலிப்பதிவு இல்லாத பாட்டு நிரலில் இருக்கலாமா என்று வகுப்பில் விவாதம் எழுந்தது. இருக்கலாம், ஆனால் வகுப்பு அதனைக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த மாணவன் தகப்பனாரின் தொலைபேசியோடு அம்மப்பாவிடம் சென்றான். முதியவர் கதிரையில் இருந்தபடி இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டார். ‘கயிறு கையிலை இல்லாமல் பாட்டு எப்பிடி ராசா வரும்?’ என்று கேட்டாராம். பேரன் கிணற்றுக் கயிற்றைத் தென்னையிற் கட்டி ஒரு முனையை அவர் கையிற் கொடுத்து, மறுபடி பின்னால் நின்று தானும் பிடித்து இழுத்திருக்கிறான். பாட்டு வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு நிமிட ஒலிப்பதிவு. நடுவில் கோழி கத்துகிறது, யாரோ சிரிக்கிறார்கள். தொழிற்பாடல் என்றால் என்ன என்று நான் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் உண்மையான பிரச்சினை வந்தது. அதனை எங்கே வைப்பது? ஏழாவதாக, முத்தாய்ப்பாக வைக்கலாம் என்றான் ஒருவன். கேட்டுப் பார்த்தோம். பெரிய வாத்தியக் குழுவோடு அமைந்த ஆறு சினிமாப் பாட்டுக்களுக்குப் பின் கிழவரின் குரல் மெலிந்து, ஏதோ குறைபாடு உள்ளது போல ஒலித்தது. நடுவில் வைத்தார்கள், இடைவேளை போல் இருந்தது. கடைசியில் முதலாவதாக வைத்தார்கள். அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மூச்சிரைப்பைக் கேட்டபின் வந்த சினிமாப் பாட்டுக்களில், கடலைப் பாடும் பாட்டு எது, கடற்கரையில் நின்று படம் பிடிக்கப்பட்ட பாட்டு எது என்று மாணவர்களே பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு பாட்டை அவர்களே நீக்கிவிட்டார்கள். பாட்டுக்கள் அவையேதாம், வைப்புமுறை மாறியதும் காது மாறியது.

இப்பயிற்சிக்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. சினிமாப் பாட்டைத் தமிழ் வகுப்பிற் புகுத்துவதா என்று நண்பர்கள் சிலர் கேட்டதுண்டு. சினிமாப் பாட்டு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு மாணவனும் நூற்றுக்கணக்கான அடிகளை மனனமாகக் கொண்டே வகுப்புக்குள் நுழைகிறான். அந்த மனனத்தை எடைபோடக் கற்பிப்பதா, இல்லாததுபோல் நடிப்பதா என்பதே நம் முன் உள்ள தெரிவு. பாடத்திட்டத்துக்கு நேரம் போதாது என்பது மற்றொரு ஆட்சேபம். இது நியாயமானதே. ஆனால் நான்கு பாடவேளைகளில் திணைப் பாகுபாடு, தொகைநூல் அறிமுகம், நாட்டார் பாடல், பந்தி அமைப்பு ஆகியவற்றைத் தொட்டுவிட முடிகிறது. அந்தத் தவணைக்குப் பின் கட்டுரைகளில் ‘ஆகவே’, ‘இதற்கு மாறாக’, ‘இதனையடுத்து’ என்ற சொற்கள் அவற்றுக்கு உரிய இடத்தில் வரத் தொடங்கியதை நான் கண்டேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதியதும் அன்று. வெள்ளிக்கிழமைகளிற் பூசை முடிவில் அவர்கள் பஞ்சபுராணம் ஓதுகிறார்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற ஐந்தும் தலைமுறைகளாக மாறாத வரிசை. ஐந்திலும் எந்தப் பாட்டை ஓதுவது என்பது ஓதுபவரின் தெரிவு. வரிசை மரபினது, தெரிவு தன்னுடையது. நான் கற்பிக்க விரும்புவதும் இவ்வளவே.

நிறைவாக ஒன்று. 1940ஆம் ஆண்டில் தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவிகளைத் திரட்டி நூலாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை மலையகத் தோட்டங்களின் பாடல்களைத் தொகுத்தார். அவர்கள் அன்று செவிமடுத்து எழுதியிராவிட்டால் அவற்றுட் பல இன்று நமக்கு வெறும் செய்தியாகவே இருந்திருக்கும். நேயர்களே, உங்கள் வீட்டிலும் எந்தத் தொலைபேசியிலும் இல்லாத பாட்டு ஒன்று இருக்கக்கூடும். தாலாட்டாக இருக்கலாம், ஊஞ்சற் பாட்டாக இருக்கலாம், அருவி வெட்டும்போது பாடியதாக இருக்கலாம். வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து அதனை எழுதச் சொல்லுங்கள். பாடியவர் பெயர், ஊர், என்ன வேலை செய்துகொண்டு பாடினார் என்ற மூன்றையும் அடியிற் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு, அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பாட்டை வைப்பாய் என்று கேளுங்கள்.